மரக்கலத்தாரின் பிள்ளைகள் கடலைப் படிக்க வேண்டும்

பாய்ப்படகில் ஏறிக் கரையோரமாகச் சில நாள் பயணம் போவது என்றதும் எம்மவர்களுக்கு இரண்டு எண்ணங்கள்தான் வரும். ஒன்று, அது காசுள்ள வெளிநாட்டுக்காரரின் பொழுதுபோக்கு. மற்றது, அது மௌத்தைத் தேடிப் போகிற வேலை. திருகோணமலையில் ஒரு பாய்ப்படகு நங்கூரம் போட்டு நிற்கும் படத்தை யாராவது பகிர்ந்தால் அதைப் பற்றிய பேச்சும் இந்த இரண்டுக்குள்ளேதான் சுற்றும்.

ஆசிரியர்கள் என்ற வகையில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். அப்படியொரு பயணத்துக்கு ஆயத்தமாவது ஒரு முழுமையான பாடம். கணிதமும் புவியியலும் விஞ்ஞானமும் பொறுப்புணர்ச்சியும் ஒன்றாகச் சேர்கிற பாடம். கிழக்குக் கரையில் பிறந்த எமது பிள்ளைகளுக்கு அது அவசரமாகத் தேவைப்படுகிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் எமது பெயரைப் பார்ப்போம். சிங்களத்தில் முஸ்லிம்களுக்கு 'மரக்கல' என்றொரு பழைய பெயர் உண்டு. சில வேளைகளில் அதை ஏளனமாகச் சொல்வதால் எமக்குக் கசக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பது மரக்கலம், அதாவது கப்பல் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். 'மரைக்கார்' என்ற பட்டமும் அதே வேரிலிருந்து வந்ததாகவே சொல்லப்படுகிறது. கிழக்கில் குடிவழியாகப் பள்ளிவாசல் நிருவாகத்துக்கு வருபவரை இன்றும் மரைக்கார் என்றுதானே அழைக்கிறோம்? பெயரில் கப்பல் இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளிவாசலின் பின் சுவரிலிருந்து 200 மீற்றரில் இருக்கும் கடலில் எந்த மாதம் எந்தக் காற்று வீசும் என்று உயர்தரம் படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் பதில் இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. 2004 டிசம்பர் 26இல் இந்த நாட்டில் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மாவட்டங்களில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை. எமது தலைமுறை அப்போது பாடசாலை வயதில் இருந்தது. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, நிந்தவூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் யாரோ ஒருவரை அந்தக் காலைப்பொழுதில் இழக்காத குடும்பம் குறைவு. அதற்குப் பிறகு "கடல் பக்கம் போகாதே" என்பது உம்மாமாரின் வாயில் ஒரு துஆவைப் போல ஆகிவிட்டது. அந்த உம்மாமாரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் "போகாதே" என்ற சொல்லில் தகவல் எதுவும் இல்லை. எப்போது போகலாம், எப்போது கூடாது, எந்த இடம் ஆபத்து, ஏன் ஆபத்து என்று அது பிள்ளைக்குச் சொல்லித் தருவதில்லை. பதினைந்து வயதுப் பையன் ஒருநாள் கூட்டாளிமாரோடு களவாகப் போகத்தான் செய்வான். அன்றைக்கு அவனிடம் இருப்பது அந்த ஒரு சொல் மட்டும். அதையும் மீறிவிட்டுத்தான் போயிருப்பான். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்த கையோடு கடலிலும் ஆற்றிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்திகளை நாம் எத்தனை முறை வாசித்துவிட்டோம்?

பாய்ப்படகில் புறப்படுகிற ஒருவர் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறார். அவர் கடலைப் பற்றி நூறு கேள்வி கேட்டு, விடை கிடைத்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்கிறார். அந்தக் கேள்விகளில் சிலவற்றை எமது கரையிலேயே வைத்துப் பார்ப்போம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பாய்ப்படகு புறப்படப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்? இந்தத் தீவில் இரண்டு பருவக்காற்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம். அப்போது காலி, கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கும். எமது பக்கம் அமைதியாக இருக்கும். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ் பருவம். அப்போது நிலைமை தலைகீழ். அதற்குச் சற்று முன்னர், நவம்பர் மாதம், வங்காள விரிகுடாவில் சூறாவளி உருவாகும் காலம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியை எமது மூத்தம்மாமார் இன்னும் கதையாகச் சொல்கிறார்கள். ஆகவே எமது படகு மே மாதத்துக்கும் செப்டெம்பருக்கும் இடையில்தான் போக வேண்டும். புவியியல் புத்தகத்தில் பிள்ளைகள் அம்புக்குறி போட்டுப் பாடமாக்கும் படம் இங்கே உயிரோடு சம்பந்தப்பட்ட தீர்மானமாக மாறுகிறது.

எந்தக் காற்று? அந்த மாதங்களில் எமக்குக் கிடைப்பது கச்சான். மேற்கிலிருந்து தரை வழியாக, வெப்பமாக வரும் காற்று. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு தென்கிழக்குப் பக்கம் இருப்பதால் கச்சான் படகின் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் வந்து பிடிக்கும். பாய்ப்படகுக்கு இதைவிட வசதியான காற்று இல்லை. அதே காற்று நேர் முன்னால் வந்தால் எந்தப் பாய்ப்படகும் நேராகப் போக முடியாது. ஏறத்தாழ 45 பாகை சரிந்து, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். 40 மைல் தூரம் 55, 60 மைல் ஆகிவிடும்.

கச்சானுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டிய முகம் அது. தரையிலிருந்து வீசுகிற காற்று என்பதால் கரையோரத்தில் அலை எழும்பாது. கடல் குளம் போலத் தெரியும். பிள்ளைகள் டயர் டியூபையும் பிளாஸ்டிக் மிதவையையும் எடுத்துக்கொண்டு இறங்குவது அந்த மாதிரி நாளில்தான். ஆனால் காற்று மிதக்கிற எல்லாவற்றையும் மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். திரும்பிப் பார்க்கும்போது கரை தூரத்தில் இருக்கும். அமைதியாகத் தெரிகிற கடல்தான் அன்றைக்கு ஆபத்து. இதை விளக்க எமக்கு ஒரு கரும்பலகையும் பத்து நிமிடமும் போதும்.

எத்தனை மணிக்கு? இங்கே கணிதம் வருகிறது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர், அகலக்கோட்டில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் சுமார் 60 கடல் மைல். இடையில் கல்குடா வரை சுமார் 43. பாய்ப்படகு மணிக்கு 5 கடல் மைல் ஓடும் என்று எடுத்தால் கல்குடாவுக்கு எட்டரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அதிகாலை 4 மணிக்கு, சுபஹுக்கு முன்னர், கயிற்றை அவிழ்த்தால் பிற்பகல் 12.30 தாண்டிப் போய்ச் சேரலாம்.

ஏன் அந்த நேரம்? பாசிக்குடா, கல்குடாப் பக்கம் முருகைக்கற்கள் இருக்கின்றன. சூரியன் உச்சியில் இருந்தால் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கல் எங்கே, மணல் எங்கே என்று பிரித்தறியலாம். பின்னேரத்தில் போனால் மேற்கு நோக்கிக் கரையை அணுகும்போது சூரியன் கண்ணுக்குள் அடிக்கும், தண்ணீர் ஒரே தகடு போல மின்னும், கல் தெரியாது. இனிக் காற்று விழுந்து வேகம் 3 ஆகிவிட்டது என்று வையுங்கள். 43ஐ 3ஆல் வகுத்தால் 14 மணித்தியாலத்துக்கு மேல். போய்ச் சேரும்போது மாலை 6.20. மஃரிப் நேரம், இருட்டு. இரவில் அந்தக் கரையோரம் முழுக்க மீன்பிடி வலைகள். விளக்கில்லாத வள்ளங்களும் இருக்கும். ஆகவே காலை 10 மணிக்கு நாம் எந்த இடத்தைத் தாண்டியிருக்க வேண்டும், தாண்டாவிட்டால் இயந்திரத்தை இயக்குவதா, திரும்புவதா என்பதைக் கரையில் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். நேரமும் தூரமும் பற்றிய கணக்கை வெறுக்கிற ஒன்பதாம் தரத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது? மட்டக்களப்பில் வாவி இருக்கிறதே, உள்ளே போகலாமே என்று நினைப்போம். ஆனால் வாவியின் முகத்துவாரத்தில் மணல் மேடு ஓரிடத்தில் நிற்பதில்லை. பாய்ப்படகுக்கு அடியில் ஆழமாகத் தொங்கும் கனமான பாகம் ஒன்று உண்டு. காற்று சரித்தாலும் படகைக் கவிழவிடாமல் நிமிர்த்துவது அதுதான். அந்தப் பாகம் மணலில் தட்டினால் கதை முடிந்தது. ஆகவே வெளியே, திறந்த கடலில், நங்கூரம் போட வேண்டும். காற்று திசை மாறினால் அங்கே நிற்கவும் முடியாது. எந்த இடத்துக்குப் போவதானாலும் அங்கே போக முடியாவிட்டால் போவதற்கு இன்னோர் இடம் கையில் இருக்க வேண்டும்.

கரையில் யார் இருக்கிறார்கள்? புறப்படுமுன் ஒரு கடதாசியில் படகில் இருப்பவர்களின் பெயர், போகும் வழி, போய்ச் சேரும் நேரம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் கடற்படைக்கு அறிவிக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதிக் கரையில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வானொலிக் கருவியில் 16ஆம் அலைவரிசை திறந்திருக்க வேண்டும். லைஃப் ஜக்கெட் பெட்டிக்குள் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். "உம்மா, போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற எமது பழக்கத்தின் விரிந்த வடிவம்தான் இது.

கடைசிக் கேள்வி மிகவும் கடினமானது. இன்று போவதா, வேண்டாமா? எல்லாம் ஆயத்தம். சாப்பாடு கட்டியாகிவிட்டது. லீவு எடுத்தாகிவிட்டது. ஆனால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலில் காற்றின் வேகம் கூடும் என்கிறார்கள். அப்போது "இன்றைக்கு இல்லை" என்று சொல்லத் தெரிந்தவர்தான் மாலுமி. பயந்தவர் எந்த நாளும் போகமாட்டார். விவரம் தெரியாதவர் எந்த நாளும் போவார். எந்த நாள் போகக்கூடாது என்று கற்றவருக்கு மட்டுமே தெரியும். எமது பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க வேண்டியது இந்த அறிவைத்தான்.

அறிவில்லாமல் புறப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எமது வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து தென்னிந்தியக் கரைக்குப் புறப்பட்டார். மூன்று நாள் பயணம். ஆனால் கப்பலில் வழி தெரிந்த தலைவன் இருக்கவில்லை. ஒன்பது நாள் அலைந்து கடைசியில் வந்து சேர்ந்தது எமது புத்தளக் கரைக்கு. அவர் ஆதம் மலை ஏறிய கதையைப் பெருமையாகச் சொல்கிறோம். அவர் இங்கே வந்ததே வழிதவறித்தான் என்பதைச் சொல்வதில்லை. திரும்பிப் போகும்போதும் தென்னிந்தியக் கரைக்கு அருகே கப்பல் உடைந்து மயிரிழையில் உயிர் தப்பினார்.

அதே கடலில் அறிவோடு போனவர்களும் இருந்தார்கள். 15ஆம் நூற்றாண்டின் அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் காற்று, நட்சத்திரம், துறைமுகம் எல்லாவற்றையும் நூலாக எழுதி வைத்தார். அக்கால மாலுமிகளின் கருவி ஒரு சிறு பலகையும் முடிச்சுப் போட்ட நூலும். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அடி விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தினால் தாம் எந்த அகலக்கோட்டில் நிற்கிறோம் என்று தெரியும். அரபிகள் அதைக் கமால் என்றார்கள். தமிழ் மாலுமிகள் இராப்பலகை என்றார்கள். ஒரு பலகைத் துண்டும் நூலும் வாங்க எந்தப் பாடசாலைக்குக் காசில்லை? அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1930களில் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிப் போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இந்த நாட்டுத் தமிழ் பேசும் மக்களின் கை செய்த வேலை அது.

இனி, எமக்குத் தெரிந்த ஆட்சேபங்களுக்கு வருவோம்.

"பாய்ப்படகு வாங்க எமக்கு வசதி எங்கே?" வாங்கச் சொல்லவில்லை. மேலே சொன்ன கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் படகே தேவையில்லை. ஒரு வரைபடம், ஒரு அடிமட்டம், காற்றின் திசை பார்க்க ஒரு துணித்துண்டு போதும். ஆசிரியர் கலாசாலையில் செயற்பாட்டின் மூலம் கற்பித்தல் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு வந்தோம். கரையோரப் பாடசாலைக்கு இதைவிட நல்ல செயற்பாடு எது?

"பொம்புளப் பிள்ளைகளுக்கு இது எதற்கு?" இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். சுனாமியில் பல இடங்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகமாக இறந்தார்கள் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. நீந்தத் தெரியாமையும் மரம் ஏறித் தெரியாமையும் சொல்லப்பட்ட காரணங்களில் உண்டு. தனியான நேரம், பெண் பயிற்றுநர், பொருத்தமான உடை என்று ஒழுங்கு செய்ய முடியும். வெட்கத்தைக் காரணம் காட்டி உயிர்காக்கும் கலையைப் பாதிப் பேருக்கு மறுக்க முடியாது.

"மௌத் எழுதப்பட்டிருந்தால் எங்கே இருந்தாலும் வரும்." உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? லைஃப் ஜக்கெட்டின் வாரை இறுக்குவதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

கடலுக்கே போகாதவர்களையும் தண்ணீர் விட்டுவைப்பதில்லை. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து குறைந்தது 6 பேர் மரணித்தார்கள். அவர்களில் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அது உல்லாசப் பயணம் இல்லை. பாலம் கட்டி முடியாத இடத்தில் வகுப்பறைக்குப் போகிற வழி அது. தண்ணீரைக் கடக்காமல் வாழ முடியாத மண்ணில் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைகளை வளர்க்க முடியாது.

ஆகவே கரையோரப் பாடசாலைகளுக்கு மூன்று விடயங்களை முன்வைக்கிறோம்.

1. ஒன்பதாம் தரம் முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும், ஆணும் பெண்ணும், அமைதியான தண்ணீரில் மிதக்கவும் 25 மீற்றர் நீந்தவும் பழக வேண்டும். பள்ளிவாசல் நிருவாகமும் பழைய மாணவர் சங்கமும் சேர்ந்தால் இது முடியாத காரியமில்லை.

2. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு காற்றுக் கொப்பி இருக்க வேண்டும். தினமும் காலைக் கூட்டத்துக்கு முன் இரண்டு பிள்ளைகள் காற்றின் திசை, மேகம், கடலின் நிலை ஆகியவற்றைப் பதிய வேண்டும். ஒரு வருடத்தில் கச்சானும் வாடையும் கொண்டலும் புத்தகச் சொல்லாக இராது.

3. வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியோடு, கச்சான் பருவத்தில், அனுபவமுள்ளவர்களின் படகில், எல்லோருக்கும் லைஃப் ஜக்கெட் அணிவித்து, உயர்தரப் பிள்ளைகளைக் கரையோரமாக ஒரு சிறு பயணம் அழைத்துப் போக வேண்டும். திட்டத்தைப் பிள்ளைகளே எழுத வேண்டும். காற்று சரியில்லை என்று அவர்களே தீர்மானித்துப் பயணத்தை நிறுத்தினால் அவர்களுக்கு முழுப் புள்ளி கொடுக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஆசான் எங்கே என்று தேட வேண்டியதில்லை. வகுப்பில் பின் வாங்கில் இருக்கும் அந்தப் பையனைப் பாருங்கள். வாப்பா கரைவலை இழுப்பவர், அல்லது ஆழ்கடல் படகில் போபவர். விடியற்காலையில் கரைக்குப் போய்விட்டுக் காலில் மணலோடு வகுப்புக்கு வருபவன். கணிதத்தில் 20 புள்ளி எடுத்ததற்காக "மீன்காரன்" என்று கூட்டாளிகள் கேலி செய்யும் பிள்ளை. மேகத்தின் நிறத்தைப் பார்த்து இன்றைக்குக் கடல் எப்படியிருக்கும் என்று அவனால் சொல்ல முடியும். பட்டதாரி ஆசிரியர்களால் முடியாது. பெற்றோர் தினத்தில் எந்த மேடையிலும் அவனுடைய வாப்பாவை ஏற்றியதில்லை. காற்றுக் கொப்பியின் முதல் பக்கத்தை எழுத அவரைக் கூப்பிடுவோம். தன் வாப்பாவிடம் இருப்பதும் அறிவுதான் என்று அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு விளங்கும். கரையில் மட்டும் வளர்ந்த மற்றப் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையில் ஒரு வகுப்பிலாவது அந்தக் கொப்பியைத் திறப்போம்.